‘அவர் உங்களுக்கு என்ன வேணும்?’

9 பிப்ரவரி 2025, ஞாயிறு காலை

நேராகவே கேட்டுவிடுகிறேன். நம்மைவிட வயதில் ரொம்பப் பெரியவர், சொந்தமும் இல்லை, சாதியும் வேறு, ஒரே தெருகூடக் கிடையாது. ஆனால் பதினைந்து வருஷமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பார்த்துக்கொண்ட மனிதர். அவர் செத்துப்போன வீட்டில் ‘அவர் உங்களுக்கு என்ன வேணும்?’ என்று ஒருத்தர் கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

என்னிடம் கேட்டார்கள். வியாழக்கிழமை விடியற்காலையில் அவர் போய்விட்டார். நான் புளியந்தோப்பு போய்ச் சேரும்போது ஏழு மணி இருக்கும். பந்தல்காரர் மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தார், கண்ணாடிப் பெட்டி இன்னும் வரவில்லை. அவருடைய தம்பி மகன் கண்ணீர் அஞ்சலி பேனருக்காக ஒரு பேப்பரில் பெயர்களை எழுதிக்கொண்டு ஒவ்வொருவராகக் கேட்டு வந்தார். மகன், மகள், மருமகன், சம்பந்தி, பங்காளி. என் முறை வந்ததும் வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. கடைசியில் “கேரம் ஆடுவோம்” என்றேன். “சரிங்க” என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சாவு வீட்டில் அவருக்கு ஆயிரம் வேலை. என் வாயிலிருந்து ஒரு உறவுப் பெயர் வரவில்லையே என்பதுதான் நான்கு நாளாக என்னைக் குடைகிறது.

வேலை செய்யும் இடத்திலும் இதே கதைதான். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் போகவில்லை. சனிக்கிழமை போனால், துக்க விடுப்பு ரத்த உறவுக்கு மட்டும்தான் என்றார்கள். நண்பர் என்று சொன்னேன். “என்ன வயசு?” “எண்பத்தொன்று.” மேலாளர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எனக்கு 45.

இங்கே யாருக்காவது இப்படி ஒரு சிநேகிதம் உண்டா? இருந்தால் அதை என்ன பெயர் சொல்லி வைத்திருக்கிறீர்கள்?

அன்றே, இரவு 11 மணி

ஒரு திருத்தம். எண்பத்தொன்று என்று எழுதியிருந்தேன், பேனரில் 82 என்று போட்டிருக்கிறது. அக்காவிடம் கேட்டேன், 82 தான் சரியாம். அக்கா என்றால் அவர் மகள்.

அவர் மகளை அக்கா என்று கூப்பிட்டால் அவரை அப்பா என்றுதானே கூப்பிட்டிருக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் கூப்பிட்டது நைனா என்று. அவரும் என்னை நைனா என்றுதான் கூப்பிடுவார். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: தெலுங்கில் அப்பாவைக் குறிக்கும் சொல் இது. எங்கள் பக்கம் வந்து இரண்டு திசையிலும் ஓட ஆரம்பித்துவிட்டது. பெத்த அப்பாவும் நைனா, டீக்கடைப் பையனும் நைனா. பாசம் இருந்தால் போதும், வயதைப் பார்க்காது. இதை வியாழக்கிழமை அந்தப் பேப்பர்காரரிடம் சொல்லியிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது. “நான் அவருக்கு நைனா, அவர் எனக்கு நைனா.” பேனரில் எந்த வரிசையில் போடுவார்கள் அதை?

11 பிப்ரவரி

எப்படிப் பழக்கம் என்று கேட்டிருந்தீர்கள். நீளமாகத்தான் சொல்ல வேண்டும்.

2009-ல் கல்யாணமாகி, வட சென்னையில் பட்டாளம் என்ற பகுதிக்கு வாடகைக்கு வந்தேன். தெருமுனையில் தகரக் கொட்டகை போட்ட ஒரு கேரம் கிளப். நான்கு போர்டு, ஒவ்வொன்றின் மேலும் தலை இடிக்கும் உயரத்தில் தொங்கும் ஒரு பல்பு. கல்லூரியில் நான் நன்றாக ஆடியவன், அந்த நினைப்பில்தான் உள்ளே போனேன். மூலையில் ஒரு பெரியவர் தனியாக உட்கார்ந்து காய் அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, கொட்டகையே திரும்பும்படி சத்தமாக, “வா, குந்து” என்றார். குந்தினேன். 25-க்கு 4. அந்த நாலும் அவர் ஸ்ட்ரைக்கரைக் குழியில் விட்டதால் கிடைத்தது.

அவர் போர்டு துடைப்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முகப்பவுடர் டப்பா ஒன்றில் போரிக் பவுடர் வைத்திருப்பார். அதைப் போர்டுக்கு மேலே ஒரு முழம் தூக்கிப் பிடித்து, மணிக்கட்டை மட்டும் ஆட்டித் தட்டுவார், மாவு சலித்த மாதிரி இறங்கும். பிறகு மடியிலிருந்து ஒரு காக்கித் துண்டை எடுப்பார், கைக்குட்டை அளவு, வெளுத்து வெளுத்துக் காக்கி போய் மணல் நிறம் வந்துவிட்ட துணி. நடுவிலிருந்து வட்டம் வட்டமாக வெளியே வருவார். நான்கு மூலைக்கும் விரலால் ஒரு துடைப்பு. அதற்கப்புறம் ஒரு காயைச் சும்மா சுண்டி விடுவார், அது நான்கு பக்கமும் இடித்துத் திரும்பி வருவதைக் கண்ணால் பார்க்க மாட்டார், விரல் நுனியைப் போர்டில் வைத்துக்கொண்டு கேட்பார். ஆமாம், விரலால்தான் கேட்பார். காது அப்போதே பாதி போயிருந்தது.

அந்தத் துணி பி அண்ட் சி மில் காக்கி. அவரே அங்கே தறியில் நின்றவர், 1963-ல் சேர்ந்து 1996-ல் மில் மூடும்வரை. “ஷெட்டுக்குள்ள பக்கத்துல நிக்கிறவன் கத்துனாலும் கேக்காது நைனா, எல்லாம் கைதான்” என்பார். இரண்டு விரலைக் கத்தரி மாதிரி வெட்டினால் பாவு இழை அறுந்துவிட்டது என்று அர்த்தம். உள்ளங்கையைக் கவிழ்த்து இரண்டு முறை ஆட்டினால் மேஸ்திரி வருகிறார். கட்டைவிரலை உதட்டில் வைத்தால் டீ. வயதாகிக் காது மங்கியபோது அவர் ஒன்றும் பெரிதாகத் தடுமாறவில்லை, பழைய பாஷைக்குத் திரும்பிவிட்டார். நாங்கள் எல்லோரும் கற்றுக்கொண்டோம். இன்றைக்கும் எங்கள் கிளப்பில் பத்து வயசுப் பையன்கூட எதிராளியின் காய் விழாமல் போனால் கத்தரி காட்டுவான். அது எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியாது.

12 பிப்ரவரி

‘அப்பா ஸ்தானத்தில் வைத்துப் பாருங்கள், மனசு ஆறும்’ என்று எழுதியவருக்கு. நல்ல எண்ணத்தில்தான் சொன்னீர்கள். ஆனால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

எனக்கு அப்பா இருந்தார், 2006-ல் காலமானார். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு, பயமும் உண்டு. அவர் முன்னால் ஒரு வார்த்தையை எடுப்பதற்குமுன் இரண்டு தரம் யோசிப்பேன். நைனாவிடம் அந்த யோசனையே வந்ததில்லை. தவிர எங்களுக்குள் கைமாத்து உண்டு. மாசக் கடைசியில் அவர் என்னிடம் ஐந்நூறு கேட்பார், நான் அவரிடம் ஆயிரம் கேட்பேன், யார் யாருக்குத் தர வேண்டும் என்று டீ குடிக்கும்போது சண்டை போடுவோம். அப்பாவிடம் யாராவது கைமாத்து கேட்பார்களா? வாங்கினால் அது வாங்கினதுதான்.

2017-ல் எனக்கு எட்டு மாதம் வேலை இல்லை. வீட்டில் சொல்லவில்லை. காலையில் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பி, பெரம்பூர் பக்கம் கொஞ்சம் சுற்றிவிட்டு, பதினொரு மணிக்குக் கிளப்பில் வந்து உட்கார்ந்துவிடுவேன். பகலில் அங்கே ஆள் இருக்காது, அவர் மட்டும் இருப்பார். மில் மூடியபிறகு ஒரு அடுக்குமாடியில் இரவுக் காவல் பார்த்து வந்தவர், எழுபது தாண்டியதும் அதையும் விட்டுவிட்டார். நான் ஏன் வேலை நாளில் வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. இரண்டாவது வாரம் ஒரு நாள் மதியம் அவரும் ஒரு தூக்குச் சட்டியோடு வந்தார். “இன்னா கொயம்பு உன்து?” என்று என் டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு தன் சட்டியை என் பக்கம் தள்ளினார். அன்றிலிருந்து வேலை கிடைக்கும்வரை அதுதான் ஏற்பாடு. என் மனைவி வைத்த குழம்பை அவரும், அக்கா வைத்த மீனை நானும்.

இதை என் மனைவி இங்கே படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள். பரவாயில்லை, தெரியட்டும்.

14 பிப்ரவரி

அடக்கம் பற்றி. முதல் நாள் எழுதும்போது அந்த மேளமும் பட்டாசும் பற்றி ஒரு பத்தி எரிச்சலாக எழுதி, பிறகு அழித்துவிட்டேன். அழித்தது நல்லதாயிற்று.

வெள்ளிக்கிழமை மதியம் எடுத்தார்கள். வியாழன் இரவு முழுக்கப் பந்தலில் மரண கானா. டோலக், ஆர்மோனியம், ஒரு டேப் மேளம். எனக்குத் தலை வெடித்தது, ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்து அழ இடம் கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். “அப்பாவுக்குப் பேச்சு கேக்கலன்னாலும் மேளம் கேக்கும்பா. நெஞ்சுல வந்து அடிக்குது, அது போதும்னு சொல்வாரு” என்றார். அதற்கப்புறம் எனக்கு அந்தச் சத்தம் வேறு மாதிரி ஆகிவிட்டது. விரலால் காயைக் கேட்டவர் இல்லையா.

பாட ஆரம்பிப்பதற்குமுன் கானாப் பாடகர், சின்னப் பையன்தான், இருபத்தைந்து வயசு இருக்கும், இறந்தவரைப் பற்றி விசாரித்துக்கொண்டு வந்தார். பெயர், பிள்ளைகள், தொழில். இறந்தவரின் கதையையே பாட்டாகக் கட்டுவது அவர்கள் வழக்கம். என்னிடம் வந்து, “அவரு இன்னா பண்ணுவாரு ண்ணா?” என்றார். என்ன வேணும் என்று கேட்கவில்லை, என்ன பண்ணுவார் என்று கேட்டார். அரை மணி நேரம் பேசினேன். போரிக் பவுடர், காக்கித் துண்டு, கத்தரி விரல், எல்லாம். ராத்திரி ரெண்டு மணிக்குப் பாட்டில் ஞாயிற்றுக்கிழமை வந்தது, ரெட் காய் வந்தது, “ஃபாலோ போட ஆளில்லாம போய்ட்டியே” என்று வந்தது. கேரம் தெரியாதவர்களுக்கு: சிவப்புக் காயைப் போட்டால் மட்டும் போதாது, அதே கையோடு நம் காய் ஒன்றையும் போட வேண்டும், இல்லையென்றால் சிவப்பு திரும்ப நடுவுக்கு வந்துவிடும். அந்த வரி வந்ததும் கிளப் ஆட்கள் அத்தனை பேரும் உடைந்துவிட்டோம்.

மூலக்கொத்தளத்தில் அடக்கம். 1939-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறைப்பட்டு உயிர்விட்ட நடராசன், தாளமுத்து இரண்டு பேருடைய நினைவிடமும் அங்கேதான் இருக்கிறது. சில வருஷத்துக்குமுன் கிளப்பில் ஒருவர் இறந்து அங்கே போயிருந்தபோது நைனா என் கையைப் பிடித்து அழைத்துப்போய் அதைக் காட்டினார். “நம்ம ஆளுங்க எல்லாம் இங்கதான் கீறாங்க. நானும் இங்கதான் வருவேன், வந்தா வந்து பாரு” என்றார். வெள்ளிக்கிழமை மண் போட்டுவிட்டு வரும்போது அந்த நினைவிடத்தைத் தாண்டித்தான் வந்தேன். நின்று பார்க்கத் தெம்பில்லை. அடுத்த தடவை பார்க்க வேண்டும்.

16 பிப்ரவரி, ஞாயிறு

கிளப்புக்குப் போனேன். அவர் போர்டில் யாரும் ஆடவில்லை. துணி போட்டு மூடியிருந்தார்கள். வந்துவிட்டேன்.

அதே நாள், சாயங்காலம்

ஒன்றை மறைத்து வைத்துக்கொண்டு நான் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன், அதைச் சொல்லிவிட வேண்டும்.

போன நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் எங்கள் புது வண்ணாரப்பேட்டைப் பெண் காசிமா மூன்று தங்கம் வாங்கினார். ஆட்டோ ஓட்டுநர் மகள், பதினேழு வயசு. வட சென்னையே கொண்டாடியது. நைனா கிளப்புக்கு ஜிலேபி வாங்கி வந்தார். வியாசர்பாடி இளவழகி 2008-ல் உலக சாம்பியன் ஆனபோதும் வாங்கினாராம், 1991-லும் 1995-லும் மரிய இருதயம் ஜெயித்தபோது மில்லில் ஷெட்டுக்கே வாங்கினாராம். அந்தச் சந்தோஷத்தில் எல்லோரும் போனில் ஆட்டம் பார்த்தோம். அப்போதுதான் நான் அந்த வேலையைச் செய்தேன்.

எங்கள் கிளப்பில் ரெட்டுக்கு அஞ்சு புள்ளி. காலங்காலமாக அப்படித்தான். சர்வதேச விதியில் மூன்றுதான். நான் அதைப் போனில் எடுத்து, அத்தனை பேர் முன்னாலும் அவரிடம் நீட்டினேன். “நைனா, அறுபது வருஷமா தப்பா ஆடிட்டிருக்க பாரு.” அன்றைக்குக் காலையில் அவர் என்னை ரெட் போட்டுத்தான் ஜெயித்திருந்தார், அந்தக் கடுப்பும் இருந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். இது எங்கே போட்ட ரூல் என்று கேட்டார். சர்வதேசக் கூட்டமைப்பு என்று ஒன்று இருக்கிறது, 1988-ல் நம்ம ஊரில்தான் அதை ஆரம்பித்தார்கள் என்றேன். “நம்ம ஊர்லயா?” என்றார். வேறு ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு வந்து, காய் அடுக்கும்போதே மூன்று விரலைக் காட்டிவிட்டு உட்கார்ந்தார். அன்றிலிருந்து ரெட்டுக்கு மூன்று.

அவரை நான் புண்படுத்திவிட்டேன். மன்னிப்பு கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைத்துக்கொண்டு போவேன், அவர் சிரித்துக்கொண்டு காய் அடுக்குவதைப் பார்த்ததும் சரி அப்புறம் கேட்கலாம் என்று விட்டுவிடுவேன்.

18 பிப்ரவரி

மில் பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். நான் படித்ததையும் அவர் சொன்னதையும் கலந்து எழுதுகிறேன்.

பக்கிங்ஹாம் மில் 1876-ல் தொடங்கியது, கொஞ்சம் பின்னால் கர்நாடிக் மில், 1920-ல் இரண்டும் சேர்ந்து பி அண்ட் சி. எங்கள் பக்கம் யாரும் அப்படி முழுப் பெயர் சொல்வதில்லை, பின்னி மில், இல்லையென்றால் வெறும் மில். அதன் வாசலில் பிறந்ததுதான் 1918 ஏப்ரல் 27-ல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம். பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க.வும் கூட நின்றார். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கங்களில் ஒன்று என்று இன்றைக்குப் பாடத்தில் வருகிறது. நைனா அதைப் பாடமாகச் சொல்ல மாட்டார். “சோறு துண்றதுக்கு நேரம் பத்தல, அதான் சங்கம்” என்பார். அவர் தாத்தா அந்தக் கூட்டத்தில் நின்றவர்.

1920 டிசம்பர் 9-ல் போலீஸ் சுட்டதில் பாபு ராவ், முருகன் என்று இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். அடுத்த வருஷம் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம், புளியந்தோப்பில் பெரிய கலவரம், சேரிகள் எரிந்தன. ஒரே ஷெட்டில் வேலை பார்த்தவர்கள் சாதியாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்கள். தாத்தா இதைச் சொல்லும்போது அழுவாராம். “தறியில நூல் அறுந்தா முடிச்சு போட்டுக்கலாம்டா, இத்த எப்டிடா போடறது” என்பாராம். நைனாவும் அதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார், அதுவும் கையால், பாதி வார்த்தை பாதி சைகையாக.

மில் இருந்த இடத்தில் பிறகு சினிமா செட் போட்டார்கள், இப்போது அடுக்குமாடி. அவரை ஒரு தடவை பைக்கில் உட்காரவைத்து அந்த வழியாகப் போனேன். வேகமா போ என்று தோளில் தட்டினார்.

21 பிப்ரவரி, இரவு

இன்று பதினாறாம் நாள் காரியம். படையலில் மீன் குழம்பு, ஜிலேபி, ஒரு டீ. படத்துக்குக் கீழே அக்கா அந்தக் காக்கித் துண்டை மடித்து வைத்திருந்தார்.

எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபிறகு அக்கா என்னை உள்ளே கூப்பிட்டார். அரிசி டிரம்முக்கு மேலே பரணிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை இறக்கினார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் அந்த வீட்டுக்குள் முட்டியளவு தண்ணீர். அன்றைக்கு நைனா கேரம் போர்டைத் தலையில் வைத்துக்கொண்டு மாடிக்கு ஏறியதை நாங்கள் எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். இந்தப் பையையும் சேர்த்துத்தான் தூக்கினார் என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. உள்ளே ஐந்து நோட்டு. நீளவாக்கு நோட்டு, மளிகைக் கடையில் கணக்கு எழுதுவார்களே, அது.

எல்லாம் கேரம் கணக்கு. தேதி, ஒவ்வொரு போர்டுக்கும் புள்ளி, ரெட் யாருக்கு என்று பக்கத்தில் ஒரு சின்ன வட்டம். இரண்டு பத்தி. ஒன்றின் தலைப்பில் ‘நான்’. இன்னொன்றின் தலைப்பில் ‘நை’. முதல் பக்கத்தில் 25–4.

ஒன்பதாம் தேதி ‘ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறாமல்’ என்று எழுதியிருந்தேன். அது பொய். வேண்டுமென்று சொன்ன பொய் இல்லை, எனக்கு நிஜமாகவே அப்படித்தான் ஞாபகம். நோட்டில் ‘நை வரலை’ என்று எத்தனையோ வரிகள் இருக்கின்றன. 2012-ல் தொடர்ந்து ஏழு வாரம். யோசித்துப் பார்த்தேன், மகள் பிறந்த சமயம். 2020-ல் பக்கம் பக்கமாகத் தேதி மட்டும் இருக்கிறது, கொரோனா ஊரடங்கில் கொட்டகை பூட்டிக் கிடந்தபோது. யாரும் ஆடாத ஞாயிற்றுக்கும் அவர் தேதி போட்டிருக்கிறார்.

22 பிப்ரவரி

ராத்திரி தூங்கவில்லை. பதினாறாம் தேதி நான் எழுதியது தப்பு, அதைத் திருத்தத்தான் வந்தேன்.

முதல் நோட்டை நிதானமாகப் பார்த்தால், பேனாவால் எழுதிய எண்களுக்கு மேலே பென்சில். வட்டம் போட்ட இடத்திலெல்லாம் பழைய எண்ணை அடித்து, இரண்டு குறைத்து எழுதியிருக்கிறது. கூட்டுத்தொகையும் மாற்றியிருக்கிறது. முதலில் எனக்கு விளங்கவில்லை. அக்காவுக்குப் போன் போட்டேன். “நவம்பர் மாசத்துலேர்ந்து ராத்திரி சாப்ட்டுட்டு இதத்தான்பா வச்சிக்கினு உக்காந்திருப்பாரு. இன்னாப்பா பண்றன்னு கேட்டா, ‘நைனா ரூலு காட்டிக்கீறான், கணக்க நேர் பண்ணணும்’னாரு” என்றார்.

அவர் வராத ஞாயிறு, கோபம் என்று நினைத்தேனே, அன்றைக்கு அவர் வீட்டில் உட்கார்ந்து 2009-ஐ நேர் பண்ணிக்கொண்டிருந்தார்.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது, ஆடுகிறவர்களுக்குப் புரியும். ரெட்டுக்கு அஞ்சு போட்டு 25 வந்த ஆட்டம், மூன்று போட்டால் 23-ல் நின்றுவிடும். அதாவது அந்த ஆட்டம் முடியவே இல்லை. அப்படிப்பட்ட ஆட்டங்களில் அவர் தன் பெயரில் இருந்த வெற்றியை அடித்துவிட்டார். என் பெயரில் இருந்ததையும்தான். இரண்டு பத்திக்கும் நடுவில் பென்சிலால் ஒரே ஒரு வார்த்தை: பாக்கி.

முதல் நோட்டில் மட்டும் 31 பாக்கி எண்ணினேன். அன்றைக்கு ஜிலேபி நாளில் காலையில் ஜெயித்தாரே, அந்த ஆட்டம் ஐந்தாம் நோட்டில் இருக்கும், அங்கே அவர் வந்து சேரவில்லை. பென்சில் மூன்றாம் நோட்டில், 2016 ஜூன் முதல் வாரத்தில் நின்றுவிடுகிறது.

23 பிப்ரவரி

‘நண்பர் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே, இதில் இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது’ என்று ஒருவர். உண்மைதான். நண்பர் என்று சொன்னதற்குத்தான் மேலாளர் என்ன வயசு என்று கேட்டார். எனக்கு வயசு கேட்காத ஒரு வார்த்தை வேண்டியிருந்தது, அது ஒரே எழுத்தாகச் சுருங்கி ஐந்து நோட்டிலும் இருக்கிறது.

2 மார்ச், ஞாயிறு

நோட்டுகளை நீயே வைத்துக்கொள் என்று அக்கா சொன்னார். நான் மாட்டேன் என்றேன், அந்த வீட்டுப் பரணில்தான் இருக்க வேண்டும். ஞாயிறு காலை பத்து மணிக்கு வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன் என்று கேட்டேன். சரி என்றார். தம்பி மகனும் இருந்தார், அந்தப் பேனர் எழுதியவர். நாற்காலி எடுத்துப் போட்டு “உக்காருங்க நைனா” என்றார். அவருக்கு என்னைவிட இருபது வயசு குறைவு.

கிளப்பில் துணியை எடுக்கச் சொல்லிவிட்டேன். போர்டு சும்மா கிடந்தால் வளைந்துவிடும், புயல் ஈரத்திலேயே ஒரு மூலை லேசாகத் தூக்கியிருக்கிறது. பவுடர் நான்தான் தட்டினேன், ஒரு பக்கமாகக் கொட்டிவிட்டது. கத்தரி காட்டும் அந்தப் பத்து வயசுப் பையன் துண்டை வாங்கி, நடுவிலிருந்து வட்டமாகத் துடைத்தான்.

அதற்குமுன் காலையில் நைனாவின் பேத்தி எண்களை வாசிக்க, நான் பென்சில் பிடித்தேன். அவருடைய பென்சில்தான், பையிலேயே இருந்தது, பல் தடம் பதிந்த கட்டைப் பென்சில். 2016 ஜூன் 12-லிருந்து ஆரம்பித்தோம். அன்றைக்கு மூன்று ஆட்டம். முதல் ஆட்டம் நான் 25, நை 18 என்று இருந்தது, ரெட் ஆளுக்கு ஒன்று. அடித்துவிட்டு 23, 16 என்று எழுதினேன். நடுவில் பாக்கி.